கவிழ்த்த சீட்டு பூஜ்யம்

இன்று காலை மாரிகுப்பம் ரயிலில் எதிர் இருக்கைக்காரர்கள் முழங்கால்களின் மேல் துண்டை விரித்துச் சீட்டாடினார்கள். ஒருவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தார். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்துபோய் வாசலருகே நின்றுகொண்டேன். பெங்களூர் வரும்வரை மனதுக்குள் உன்னிடம்தான் பேசிக்கொண்டு வந்தேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நாம் இருவரும் பெங்களூரில் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கும்போது, தினமும் போய்வந்த இதே ரயிலில்தான் நம் கணக்கு நடந்தது. ஆடும் பெட்டியில் எழுத முடியவில்லை என்று ரம்மி ஆடும் அண்ணன்களிடம் பழைய கட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினாய். சிவப்புச் சீட்டு கூட்டல், கறுப்பு கழித்தல், கவிழ்த்தது பூஜ்யம். வரிசை வரிசையாக அடுக்கினால் ஓர் அணி, மேட்ரிக்ஸ். எண்கள் எவ்வளவு என்றே தெரியாமல், குறிகள் அமைந்த விதத்தை மட்டும் வைத்து விடைகளின் குறியைச் சொல்லிவிடக்கூடிய சமன்பாடுகள் எவை என்பதுதான் உன் கேள்வி. "எவ்ளோன்னு யாருக்கு வேணும்? ஏறுதா எறங்குதா, அது போதும்டி" என்பாய். அண்ணன்கள், "இன்னாம்மா, யாரு ஜெயிச்சீங்க?" என்று கேலி செய்வார்கள்.

ஒரு வகை அணிகளுக்கு இது எப்போதுமே பலிக்கும் என்று கண்டுபிடித்தாய். அது சரியாக இருந்தால் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். அவரிடம் போக வேண்டிய நாளில், பங்காரப்பேட்டை தாண்டியதும், ஓர் உதாரணத்தை எனக்கு அடுக்கிக் காட்டினாய். நான்தான் வகுப்பில் முதல் மார்க் ஆயிற்றே! ஒரு பார்வை பார்த்து, கவிழ்ந்திருந்த சீட்டைத் தொட்டு, "இங்க கறுப்பு வந்தா எல்லாம் போச்சிடி" என்றேன். அந்த வாரம் முழுக்க அண்ணன்களோடு ரம்மி ஆடியிருந்தேன். ரம்மியில் கவிழ்ந்த சீட்டு எதுவாகவும் இருக்கலாம். உன் அணியில் அது பூஜ்யம், வேறொன்றும் இல்லை. நீ என் பேச்சை நம்பினாய். சீட்டுகளைச் சேர்த்துக் கட்டினாய். பேராசிரியரைப் பார்க்கவே போகவில்லை. பரீட்சை முடிந்ததும் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாய்.

நான் கல்லூரி ஆசிரியையாகி, அதே அணியைக் கரும்பலகையில் எழுதியபோதுதான் உறைத்தது. அந்த இடத்தில் இட்லி மாதிரி ஒரு பூஜ்யம் உட்கார்ந்திருந்தது. நீ சொன்னது அத்தனையும் சரி. நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்பில் உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். அதற்குள் நீ நோயில் படுத்துவிட்டிருந்தாய். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாய்.

"தெரியும்டி. அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்குடி வாயே தொறக்கல?"

"அப்பாவுக்கு மைன்ல வேலை போவுதுன்னு நோட்டீஸ் வந்துடுச்சி. நான் சம்பாரிக்க வேணாமா? நீ தப்புன்னு சொன்னது நல்லதாப் போச்சி. வுடு, காப்பி குடி."

அந்த நோட்டீஸை உன் அப்பாவுக்குப் படித்துச் சொன்னதே நாம் இருவரும்தான். அப்போது நீ வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

இப்போது சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். நீயும் இல்லை. வகுப்பில் அணி எழுதும்போது பூஜ்யத்தை மட்டும் பெரிதாகப் போடுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

நீ சொன்னது பொய் என்று காப்பியைக் கையில் வாங்கும்போதே எனக்குத் தெரியும். எனக்காகச் சொன்ன பொய். இல்லைடி என்று மறுத்திருக்க வேண்டும், உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்க வேண்டும். நான் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.