சிஸ்டர் அகாத்தாவைக் கேட்டு வாங்கிய கதை

அன்பு மகள் மெரிபாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் சுவாவின் நர்ஸ் பள்ளியில் வேளைக்குச் சாப்பிட்டுப் படிக்கிறாய் என்று நம்புகிறேன், பிஸ்கட்டைத் தின்றே நாளை ஓட்டாதே. இங்கே நல்ல மழை, கிணற்றில் உப்பு குறைந்துவிட்டது. அப்பாவின் கால் புண் ஆறிவிட்டது. காலையே எடுக்க வேண்டி வருமோ என்று பயந்திருந்தோம், மடத்து சிஸ்டர் அகாத்தா தினமும் வந்து கழுவிக் கட்டியதில் இப்போது மறுபடி படகு தள்ளுகிறார், வாயும் பழையபடி நீண்டுவிட்டது.

அப்படிப்பட்ட சிஸ்டரைத் தராவாத் தீவுக்கு மாற்றிவிட்டார்கள், கூட்டிப்போக சபைத் தலைவி மதர் மரேத்தாவே வந்தார். அகாத்தா போனால் மடத்தில் மிச்சம் நடக்கவே முடியாத ஒரு வயதான சிஸ்டர்தான், ஊரில் இத்தனை சர்க்கரைக்காரர்களின் புண்ணை யார் பார்ப்பது சொல். ஊர்க் கூடத்தில் நடந்த வழியனுப்பு விருந்தில் எல்லாரும் அழுதுகொண்டே மீனும் சேம்பும் பரிமாறினார்கள், எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து, "மதர், புபுசி. அகாத்தாவை எங்களுக்கே குடுத்துடுங்க" என்று கேட்டுவிட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் நம் ஆட்கள் இடுப்புத் துணியைக்கூட அவிழ்த்துக் கொடுப்பார்கள், மறுப்பது மானக்கேடு. ஆனால் அது சொந்தக்காரர்களிடம் கேட்பது, மடத்தில் போய் யார் கேட்டார்கள். அப்பா "உக்காருடி" என்று என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். மதர் சிரித்துவிட்டு, "கீழ்ப்படியறேன்னு சபைக்குத்தான் வாக்குக் குடுத்தேன், ஆனா நானும் இந்த மண்ணுல பொறந்தவதானே. சரி, வச்சுக்கோங்க" என்றார். கூடமே கை தட்டியது. உடனே, "இப்ப என் முறை. புபுசி. நர்ஸ் படிப்பு முடிஞ்சதும் உன் மகளை இங்க எங்க மடத்து மருந்தகத்துக்குத் தா" என்றார்.

கூடமே என் பக்கம் திரும்பியது. பன்றியைக் கேட்டிருந்தால் பன்றி, பாயைக் கேட்டிருந்தால் பாய், எடுத்துக் கொடுத்திருப்பேன். "அவ என் பொண்ணு மதர், என் சாமான் இல்லை. அவகிட்ட கேட்டுத்தான் சொல்லணும்" என்றேன். வாங்கத் தெரியுது, குடுக்கத் தெரியலை என்று பின்னால் சிரித்தார்கள், எனக்கு முகம் எரிந்தது. மதர் மட்டும் என் கையைப் பிடித்து, "கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே படகேறினார். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே வாங்கிவிட்டேன் என்று அகாத்தா என்னை முறைத்தார், ஆனால் அன்று சாயங்காலம் உன் சித்தியின் காலுக்குக் கட்டுப் போடும்போது பாடிக்கொண்டிருந்தார், எனக்கு அதுவே போதும்.

நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நியூசிலாந்து போக விருப்பம் என்று எழுதியிருந்தாய், அதுவும் நல்லதுதான். உங்கம்மா புபுசி கேக்கறா என்று சித்தி உனக்கு எழுதுவாள், நம்பாதே, அந்தச் சொல்லை உன்னிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். யோசித்து எழுது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது, அதை நானே கூடத்தில் எழுந்து நின்று சொல்கிறேன், இன்னொரு முறை சிரித்துவிட்டுப் போகட்டும்.

மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
தாவோபா