கருக்குமட்டையை வாள் என்றவர்கள்

மச்சான்,

இன்று காலை எங்கள் துறைப் பட்டறையில் இரும்பு கருகும் மணம். உன் மேசையில் அந்தப் பிள்ளை கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தாள். மாணவர் பரிமாற்றத்தில், நீ போகவேண்டியிருந்த வெளிநாட்டு ஓவியப் பல்கலைக்கழகத்திலிருந்து இங்கே வந்திருப்பவள். ஒருவர் போனால் ஒருவர் வரவேண்டும் என்பது ஒப்பந்தம். அவள் வந்துவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பாவம், அவள் என்ன செய்வாள்.

நீ தெரிவான அன்று குதித்த குதி எனக்கு மறக்காது. அங்கே கொண்டுபோகவென்று இரும்புத் தகட்டில் கருக்குமட்டைகள் வெட்டினாய். பனைமட்டையின் இரு கரையிலும் இருக்கும் பற்களை அப்படியே அரத்தால் அராவி எடுத்தாய். "வெளியாக்கள் வாள் எண்டு பயப்பிடுவினம். எங்கடை ஆக்கள் கண்டவுடனை கருக்குமட்டை எண்டு சிரிப்பினம்" என்றாய். விசரன். எங்கள் ஆட்களில் உனக்கு அவ்வளவு நம்பிக்கை.

சிலதைப் படம் எடுப்பிக்க உரப்பையில் கட்டிக்கொண்டு பின்னேரம் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். மானிப்பாய் தாண்டி ஒரு ஒழுங்கையில் கயிறு தளர்ந்தது. போன கிழமைதான் அந்த ஒழுங்கையில் முகம் மூடிய கும்பலொன்று வீடு புகுந்து ஒருவரின் கையை வாளால் வெட்டியிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. ஹெல்மெற்றோடு இறங்கிய நீ, கட்டைச் சரிசெய்ய ஒரு மட்டையை வெளியே இழுத்தாய்.

"வாள்! உவங்கள்தான்ரா!"

கொட்டன்களோடும் மண்வெட்டிப் பிடிகளோடும் ஓடி வந்தார்கள். முதல் அடி என் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நீ கையை விரித்தபடி, "அண்ணை, இது கருக்குமட்டை, வடிவாய்ப் பாருங்கோ" என்று கத்தினாய். ஒருவன் அதைப் பறித்து உன் கழுத்திலேயே இறக்கினான். நீ அராவிய பற்கள், மச்சான். வேலியோடு சரிந்த உன்னை அதற்குப் பிறகும் மிதித்தார்கள். "காணும், செத்துப்போவான்" என்று ஒரு பெண் குழறினாள். "சாகட்டும்" என்றார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் நீ முடிந்துவிட்டாய்.

முந்தநாள் அந்தப் பிள்ளை பட்டறையில் மிஞ்சிக் கிடந்த உன் மட்டையொன்றைத் தூக்கிப் பார்த்து, இங்கே வேலிகளில் கட்டியிருக்கும் பனைமட்டைதானே என்று கேட்டாள். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் வெளியே போய் நின்று அழுதேன்.

உன் இடத்தில் நான்தான் போகப்போகிறேன். அவளோடு வந்திருக்கும் விரிவுரையாளர், மிஞ்சிய மட்டைகளை அங்கே கண்காட்சியில் வைக்க ஆசைப்படுகிறார். பக்கத்தில் மாட்ட ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: போர் தின்ற கலைஞனின் கடைசிப் படைப்பு.

"விடும் தம்பி" என்றார் எங்கள் துறைத்தலைவர். "போர் எண்டால்தான் அவைக்கு விளங்கும். அவரோடை கொழுவினால் உம்மடை பயணம் கெட்டுப்போம்."

கெட்டால் கெடட்டும். குறிப்பைத் துறைத்தலைவர் முன்னாலேயே கிழித்தேன். "சண்டை முடியேக்கை அவன் சின்னப்பிள்ளை, சேர். அவனை எங்கடை ஆக்கள் அடிச்சுக் கொன்றவை." அதையே விரிவுரையாளருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒரு வெற்றுத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, நீயே எழுது என்று பேனையைத் தந்தார்.

எழுத உட்கார்ந்தபோது நேற்றுச் சந்தையில் நடந்ததுதான் முன்னால் வந்து நின்றது. உன்னை அடித்தவர்களில் ஒருவன், பிணையில் வந்தவன், வாழைக்குலை விற்கிறான். என்னைக் கண்டு, "தம்பி, தோள் இப்ப சுகமோ?" என்றான். மெய்யாகவே கேட்டான். குலை வெட்டும் கத்தி பலகையில் கிடந்தது. என் கை அதன் பிடியை இறுக்கிவிட்டது, மச்சான். அவன் கழுத்தைத்தான் பார்த்தேன். பிறகு, "ஓம், சுகம்" என்று சொல்லிக் கத்தியை வைத்தேன். அந்தப் பிடியின் சூடு உள்ளங்கையில் இன்னும் ஆறவில்லை.

இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்: 'இதைச் செய்தவனை எங்கள் ஊர்க்காரர் அடித்துக் கொன்றார்கள். நானும் அந்த ஊர்க்காரன்.'