அசை போடாத மாடு

செவ்வாய்க்கிழமை, ஆடி மாதம், 2006

மகன் பாண்டிக்கு ஆறு வருடமாக வயிற்றுக் கோளாறு. எந்தச் சோதனையிலும் எதுவும் தெரியவில்லை. பஸ் ஏறினாலே வயிற்றைக் கலக்கும் என்று மில் வேலையையும் விட்டுவிட்டான். புது வைத்தியம் உண்டா என்று இன்று மதுரை டாக்டரிடம் கேட்டேன்.

"நல்ல ஆளோட மலத்தை நோயாளி குடலுக்குள்ள ஏத்தி வெளிநாட்டுல சிலர் பாக்குறாங்க, பெரியவரே. இதுக்குக் கேக்குமான்னு தெரியல. இங்க செய்யுறதில்ல."

பாண்டி முகத்தைச் சுளித்தான். எனக்கு அருவருப்பே வரவில்லை.

"மாடு அசை போடலைன்னா நல்ல மாட்டு வாயிலருந்து அசையைப் பிடுங்கி ஊட்டுவோம்ல, அதேதான். என்னோடதை எடுத்துக்கங்க."

"அம்புட்டு லேசில்ல. உங்ககிட்ட இருக்க நோயும் சேந்து போயிரும்," என்றார் டாக்டர்.

பஸ் ஸ்டாண்டில் பாண்டி இரண்டாம் தரம் கக்கூசுக்குப் போய்விட்டு வந்து கேட்டான்.

"அசை ஊட்டுன மாடு பொழச்சுச்சாப்பா?"

"செவலை மாடு மறுநாளே வைக்கோல் தின்னுச்சுடா."

இன்னொரு மாடான மயிலை செத்ததைச் சொல்லவில்லை. இரண்டுக்கும் ஒரே மாட்டின் அசையைத்தான் கொடுத்தேன். ஒன்றுக்குக் கேட்டது, மற்றதற்கு ஏன் கேட்கவில்லை? டாக்டரிடம் இதையல்லவா கேட்டிருக்க வேண்டும்.