பொடிசின் விரலும் கேப்டனின் முட்டியும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உன் பொடிசும் மூவரும் வேளைக்குச் சாப்பிட்டு, குறைவில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காது மூடி, கால் மூடி, சளி பிடிக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. மாடியில் குடியிருந்த தையல்காரர் காலி செய்துகொண்டு போய்விட்டார், இப்போது மிஷின் சத்தம் இல்லாமல் மத்தியானத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. குளியலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது, வந்தவர் ஒழுகுவதை நிறுத்திவிட்டு வெந்நீரையும் சேர்த்து நிறுத்திவிட்டார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்கு இத்தனை பக்கம் என்று நீ நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்தில் நின்றால் எனக்குப் பாதி வாக்கியம்தான் வருகிறது, மீதியை அவளே முடித்துவிடுகிறாள். இந்தக் கடிதத்தை நான் முழுதாக முடிக்க வேண்டும்.

போன வாரம் நீ பொடிசின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுப் பேசினாய். நாள் முழுக்க அடுத்தவர் எலும்பைப் படம் பிடிக்கிறவள் நீ, உன்னிடம் எதையும் மறைக்க முடியாது. இடது கைச் சுண்டுவிரலில் முறிவு மட்டும் இல்லை, முறிந்த இடத்தில் புது எலும்பு மங்கலாகக் கூடத் தொடங்கியிருக்கிறது, அப்படியென்றால் இது நேற்று நடந்ததில்லை, இத்தனை நாள் வீட்டில் ரெண்டு பெரியவங்க இருந்து என்ன பண்ணீங்க என்று கேட்டாய். நியாயமான கேள்வி. அதற்கு யாரும் பதில் சொல்வதற்குள், "இனிமே அவ அந்தக் கூடைப்பந்துக் கோர்ட் பக்கமே போகக் கூடாதுப்பா, சொல்லிட்டேன்" என்றாய். நான் "சரிம்மா" என்றேன். என் வழக்கமான சரி அது, நீ அறியாததா. எடையளவு ஆய்வாளராக வேலை பார்த்த காலமெல்லாம் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்தவன், ஒரு கடைக்காரரையும் குரல் உயர்த்தி அதட்டியதில்லை. கல் குறைந்திருந்தால்கூட, மன்னிக்கணும், இது கொஞ்சம் குறையுது போலிருக்கு என்றுதான் ஆரம்பிப்பேன். ஆனால் அன்று சொன்ன அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இப்போது எழுதுகிறேன். முதலில் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ கோபித்துக்கொள்.

கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து ஆடும் மைதானம் நம் தெருக்கோடியில் இருப்பது உனக்குத் தெரியும். உன் காலத்தில் அங்கே சைக்கிள்தான் நிறுத்துவார்கள். இப்போது சாயங்காலமானால் நம் தெருப் பெண் குழந்தைகள் அத்தனை பேரும் அந்தப் படிக்கட்டில்தான். ஆட்டக்காரிகள் ஒவ்வொருத்தியையும் இவர்கள் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள், அவ என் அக்கா, இவ உன் அக்கா என்று. நம் பொடிசு கேப்டனை எடுத்துக்கொண்டுவிட்டாள், அதற்காக இரண்டு பேரிடம் சண்டையும் போட்டாள். கேப்டன் பந்தை எறிவதற்கு முன்னால் ஷூவின் அடியைக் கெண்டைக்காலில் ஒரு தேய்ப்புத் தேய்ப்பாள். நம் வீட்டில் ஒருத்தி விளக்குப் போடும் முன், மருந்து குடிக்கும் முன், கணக்குப் பரீட்சைக்குக் கிளம்பும் முன், எல்லாவற்றுக்கும் காலைத் தேய்க்கிறாள். உன் அம்மா சொறி பிடித்துவிட்டது என்று பயந்து களிம்பு தடவினாள்! கேப்டன் முடியை உச்சியில் கட்டினால் மறுநாள் தெரு முழுக்க உச்சிக்கொண்டை. அவள் பரீட்சைக்குப் படிக்கப் புத்தகத்தோடு பயிற்சிக்கு வந்தால் இவர்களும் புத்தகத்தோடு வருவார்கள். புத்தகம் திறக்கவில்லை என்பது வேறு விஷயம். நான் குறை சொல்லவில்லை. பெரிய சினிமாக்காரர்களைப் பார்த்து ஏங்குவதைவிட, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஒருத்தியைப் பார்த்து வளர்வது நல்லது என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த அணிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தில் யாராவது விழுந்தால், எழுவதற்கு முன்னால் தரையை இரண்டு கையாலும் இரண்டு அடி அடித்து "ஒண்ணுமில்ல!" என்று கத்துவார்கள். உடனே படிக்கட்டிலிருந்து எங்கள் வாண்டுகள் எல்லாம் எழுந்து "ஒண்ணுமில்ல!" என்று கூரை பறக்கக் கத்தும். எனக்கே உடம்பு சிலிர்க்கும். இன்னொன்று, அவர்கள் விரல்களில் வெள்ளை டேப் சுற்றிக்கொள்வார்கள், விரல் பிசகாமல் இருப்பதற்காக. குழந்தைகளும் சுற்றிக்கொண்டன, கிடைத்த டேப்பை, பார்சல் ஒட்டுவது உள்பட. இனி நீ புரிந்துகொள்வாய். நம் பொடிசு பந்தைப் பிடிக்கப் போய் விரலில் அடி வாங்கியிருக்கிறாள், தரையை அடித்து ஒண்ணுமில்ல என்று கத்தியிருக்கிறாள், சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். தெருவில் எல்லாப் பெண்ணின் விரலிலும் டேப் இருக்கும்போது இவள் விரல் மட்டும் யார் கண்ணில் தனியாகப் படும்? தினமும் காலையில் "பாட்டி, அழகா சுத்திவிடுங்க, அக்காவுக்கு இருக்கிற மாதிரி" என்று கையை நீட்டியிருக்கிறாள், உன் அம்மாவும் ஆசையாகச் சுற்றிவிட்டிருக்கிறாள், முறிந்த எலும்பின் மேல். கோர்ட் என்ற பேச்சை யார் எடுத்தாலும் உன் அம்மா ஏன் சீறுகிறாள் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். சுற்றியது அவள் கை. என்னோடு நடக்கும்போது எப்போதும் இடது கையைக் கொடுக்கிற பொடிசு, இரண்டு வாரமாக மறுபக்கம் வந்து வலது கையைக் கொடுத்தாள். நான் கவனித்தேன். என்னவோ குழந்தை விளையாட்டு, நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். கடைசியில் விரல் வீங்கி டேப் கழலாமல் போன பிறகுதான் எலும்பு டாக்டரிடம் ஓடினோம்.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. தெரியாதது, அந்த டாக்டர் வீட்டு முன்னறையில் நடந்தது. பொடிசைக் கட்டுப் போட உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள், உன் அம்மாவும் கூடப் போனாள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். எதிரே ஒரு பெண் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள், முட்டி சின்னப் பூசணி அளவுக்கு இருந்தது. முகத்தைப் பார்த்தால் கேப்டன். என்னை அடையாளம் கண்டு பதறிப்போனாள். "தாத்தா, பார்த்ததை யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, சனிக்கிழமை மேட்ச் இருக்கு, எங்க கோச் மேடத்துக்கே தெரியாது" என்றாள். அதற்குள் பொடிசு விரலில் அலுமினியப் பட்டையோடு வெளியே வந்தாள். கேப்டன் சட்டென்று பையை எடுத்து முட்டிமேல் வைத்துக்கொண்டு என்னடி ஆச்சு என்றாள். இவள் நெஞ்சை நிமிர்த்தி "ஒண்ணுமில்லக்கா" என்றாள். "அதான் என் பொண்ணு!" என்று கேப்டன் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். எப்போது அடிபட்டது என்று கேட்டாள். "அது ஆச்சுக்கா ரொம்ப நாளு. நான் யாருகிட்டயும் சொல்லவே இல்ல, உங்கள மாதிரியே" என்றாள் இவள். பரிசு வாங்கப் போகிறவள் முகம் அவளுக்கு. கேப்டன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. நீங்க எதுக்குக்கா வந்தீங்க என்று பொடிசு கேட்டதற்கு, "சும்மா, ஒரு ஃப்ரெண்டுக்காக" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

அதன் பிறகுதான் நீ போனில் பேசியது, நான் சரி சொன்னது. ஆனால் எனக்கு மனது ஆறவில்லை. மறுநாள் சாயங்காலம் உன் அம்மாவிடம் செருப்புத் தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனேன். கேப்டன் தனியாகப் பந்தை எறிந்துகொண்டிருந்தாள். நடையிலேயே கூச்சமாக இருந்தது, எனக்கு அந்த ஆட்டத்தின் சட்டம் பாதி இன்னும் புரியாது, அவளுக்குச் சொல்ல நான் யார்? போனதும் வந்த வார்த்தை இதுதான். "உன் முட்டியைப் பத்தி நான் யாருகிட்டயும் வாய் திறக்க மாட்டேம்மா. ஆனா என் பேத்தி வந்து என்னைக் கேட்டா, பொய் சொல்ல எனக்கு வராது." அவள் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "மிரட்டுறீங்களா தாத்தா?" என்றாள். என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "இது எனக்குக் கடைசி வருஷம். ஜெயிச்சாத்தான் அடுத்த சுற்று. அன்னிக்கு எத்தனை பேரு பார்ப்பாங்க தெரியுமா உங்களுக்கு?" என்றாள். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் உன் இடுப்பு உயரம்தானே இருப்பார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அது வீட்டுக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தோன்றியது. அங்கே நின்று நான் சொன்னது, "சரிம்மா, பார்த்து விளையாடு." அவ்வளவுதான். செருப்பும் தைக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. பொடிசு காலையிலிருந்து ஜன்னலோரமே நின்றாள், கேட்கவில்லை, அழவில்லை. அந்தக் குழந்தை எதையும் கேட்காமல் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வா போகலாம் என்றேன். "மக சொன்னது காதுல விழலியா?" என்று உன் அம்மா குறுக்கே வந்தாள். விழுந்துச்சு, அவளுக்கு நான் எழுதிக்கிறேன் என்றேன். எனக்குள்ளிருந்து யார் பேசியது என்று தெரியவில்லை. உன் அம்மா திகைப்பில் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள், கொடுத்த பிறகு அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

ஆட்டம் கடைசி வரை சமமாகவே போனது. கேப்டன் முட்டியில் உறை மாட்டியிருந்தாள், ஓட்டத்தில் எதுவும் தெரியவில்லை. தெரிந்தவன் நான் ஒருவன்தான், எனக்குத்தான் மூச்சு முட்டியது. முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது எதிரணிப் பெண் ஒருத்தியோடு மோதி விழுந்தாள். குழந்தைகள் அத்தனையும் எழுந்து நின்று மூச்சை இழுத்துக்கொண்டன. அவள் தரையை ஒரு அடி அடித்தாள். இரண்டாவது அடிக்குத் தூக்கிய கை அப்படியே மேலே நின்றது. பயிற்சியாளரைப் பார்த்து அந்தக் கையை ஆட்டினாள். பிறகு எங்கள் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "இருக்கு! வலிக்குது!" என்று கத்தினாள். இழுத்த மூச்சை என்ன செய்வதென்று குழந்தைகளுக்குத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் ஒருவர், "நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்தா பாரு மகராசி" என்றார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். பார்க்க மட்டும்தான் செய்தேன், ஆனால் அவர் வாயை மூடிக்கொண்டார். குழந்தைகள் விசில் மேடம் என்று அழைக்கிற அந்தப் பயிற்சியாளர் உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளாடி இதை வச்சுக்கிட்டு ஆடுற?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார், போட்டுக்கொண்டே தன் துண்டில் ஐஸைக் கட்டி வைத்தார். ஒரே கூடை வித்தியாசத்தில் தோற்றுப்போனார்கள். கேப்டன் பெஞ்சில் இருந்தபடி அழுதாள், மறைக்கவில்லை. அழுது முடித்துப் பொடிசைக் கையசைத்துக் கூப்பிட்டாள். பக்கத்தில் உட்கார வைத்து முட்டியைக் காட்டினாள், இவள் விரலைப் பார்த்தாள். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டதற்கு, "என்னைப் பார்த்து விரல்ல டேப் சுத்திக்கோ, வாயில சுத்திக்காத" என்று சொன்னாளாம்.

திரும்பி வரும்போது பொடிசு, மருந்துக் கடை தாண்டியதும், "தாத்தா, விரலை மடக்குனா இன்னும் வலிக்குது, ராத்திரி படுத்தா ரொம்ப வலிக்குது" என்றாள். மகளே, ஒரு குழந்தை வலிக்கிறது என்று சொல்வதைக் கேட்டு நடுத்தெருவில் சந்தோஷப்பட்ட கிழவன் நானாகத்தான் இருப்பேன். மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் காட்டினேன். பட்டை இறுக்கமாக இருந்திருக்கிறது, தளர்த்திக் கட்டினார், இப்போது நன்றாகத் தூங்குகிறாள்.

நான் சொல்ல வருவது இதுதான். அவள் மறைத்ததற்கு அந்த மைதானம் காரணம் என்று நீ சொல்வது உண்மை. அவள் வாய் திறந்து சொன்னதற்கும் அதே மைதானம்தான் காரணம். நானும் உன் அம்மாவும் எவ்வளவு கெஞ்சிக் கேட்டிருந்தாலும் அந்த வார்த்தை வந்திருக்காது. கேப்டன் தனக்கு மிகவும் வேண்டிய ஒன்றைக் கீழே வைத்துவிட்டு அதை வாய்விட்டுச் சொன்னாள், இவள் பார்த்தாள். இப்போது நாம் பந்தைப் பிடுங்கினால் இவள் என்ன தெரிந்துகொள்வாள்? சொன்னால் பறித்துக்கொள்வார்கள் என்று தெரிந்துகொள்வாள். அடுத்த முறை எது முறிந்தாலும், நாளைக்குப் பெரியவளாகி விரல் அல்லாத வேறு எது முறிந்தாலும், உனக்கும் எனக்கும் தெரியாது. எனக்கு அந்தப் பயம்தான் பெரிது. நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன், எந்தப் பயம் பெரிது என்று தரம் பிரிக்கவாவது எனக்குத் தெரியும்.

அதனால் டாக்டர் பட்டையைக் கழற்றி, ஆடலாம் என்று தன் வாயால் சொன்ன பிறகு, நான் அவளைத் திரும்பவும் அங்கே கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். விசில் மேடத்திடம் பேசிவிட்டேன். சின்னப் பிள்ளைகள் விரலில் டேப்போடு வந்தால் அவிழ்த்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவது என்று அவரே சொல்லிவிட்டார். நானும் படிக்கட்டில் இருப்பேன். உன் அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது, அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் வலிக்காமல் டேப்பை அவிழ்க்க எந்த எண்ணெய் தடவலாம் என்று கேட்டாள். நீ வேண்டாம் என்றால், காரணத்தை எனக்கு எழுது, நான் படித்துப் பதில் எழுதுகிறேன். ஆனால் சரி என்று மட்டும் இந்தத் தடவை சொல்ல மாட்டேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் மன நிறைவோடும் இருக்க என் ஆசிகள். அங்கே வீடு பார்த்து இவளைச் சீக்கிரம் அழைத்துக்கொள்ளும்படியான வழி பிறக்கட்டும். போகிற இடத்திலும் பக்கத்தில் பந்து விளையாட இடம் இருக்கிறதா என்று பார்த்து வீடு எடு. மாப்பிள்ளையை வெறும் வயிற்றில் வேலைக்குக் கிளம்ப விடாதே. ஞாயிற்றுக்கிழமை பொடிசோடு பேசும்போது ஏன் மறைத்தாய் என்று ஆரம்பிக்காதே. இப்போது வலி எப்படி இருக்கிறது என்று கேள். கேட்டுவிட்டு அவள் சொல்லி முடிக்கிற வரை பேசாமல் இரு.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா