உள்ளே இழுக்கும் இரண்டு ஃபேன்

எழிலா,

உன் அண்ணன் மதி கடைசியாக என்னிடம் கேட்டது ஓர் ஊதுபத்தி. கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிரவைக்கும் ரேடியேட்டரில் இரண்டு ஃபேனையும் மாட்டிவிட்டு, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று புகையைக் காட்டிப் பார்த்தான். "வெளிக்காத்த உள்ள இழுத்தாதாம்மா தண்ணி குளிரும். எழிலன் சூட்ட வெளிய தள்ளணும்னு அடம்புடிப்பான், உடாத" என்று சிரித்தான். பிறகு பைக்கில் சிதம்பரம் கிளம்பியவன், புதுச்சத்திரம் தாண்டவில்லை.

நேற்று நீ ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் "அவன் வெச்சதுல கைய வெக்காத" என்று கத்திவிட்டேன். நீயும் சாப்பிடாமல் படுத்துவிட்டாய். கம்ப்யூட்டர் சூடாகி அணைந்து அணைந்து உன் ப்ராஜெக்ட் கெடுவதை நானும் பார்க்கிறேன். ஃபேனை உன் இஷ்டப்படியே திருப்பி மாட்டிக்கொள். அவன் இருந்திருந்தால் உன்னோடு சண்டை போட்டுவிட்டு, அவனே ஸ்க்ரூவைக் கழற்றிக் கொடுத்திருப்பான்.

மாவு ஃப்ரிட்ஜில். காரக்குழம்பைச் சுடவைத்துக்கொள். நான் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட் போய்ப் பத்து மணிக்கு வருவேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ஜான்சி அக்காவிடம் கொடு.

அம்மா

திருப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள். நீ அணைக்காமல் விட்டுப் படுத்த கம்ப்யூட்டர், ராத்திரி வேலை இல்லாததால் சூடாகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே மேசையில் அவன் படத்துக்கு இப்போதுதான் ஊதுபத்தி வைத்தேன். புகை இன்னும் உள்ளேதான் போகிறது.