டொலோரெஸுக்காகக் கொளுத்திய மெழுகுதிரி

ரொறன்ரோ
12.10.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின் துணையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் இங்கே வருமுன், தனக்குச் சாப்பாடு தருவதாக இவர் எழுதிய கிழவி டொலோரெஸ் நினைவிருக்கிறதா? நன்றியோடு அவளுக்காக மெழுகுதிரி கொளுத்தினீர்களே. இங்கே லோலா என்றொரு இளம்பெண்தான் அடிக்கடி ரெலிபோனில் இவரைக் கேட்பாள். என்னோடு வேலைசெய்யும் சிலி நாட்டுக்காரி பிலார் நேற்றுச் சிரித்தபடி சொன்னாள்: "வியாகுல மாதாவின்ர பேரைத்தான் நாங்கள் டொலோரெஸ் எண்டு வைக்கிறது. வீட்டில லோலா எண்டு கூப்பிடுவம்." நான் அமலோற்பவம், அமலி ஆனதுபோலத்தான்.

இவரிடம் கேட்டேன். தலை குனிந்துகொண்டார்.

நீங்கள் யோசிக்காதீர்கள். அங்கிருந்து யாராவது இங்கே வந்தால் என் பழைய ஒற்றைப் போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிறது.

அந்த மெழுகுதிரியை இனி எனக்காகக் கொளுத்துங்கள்.

மகள்
அமலி