ஜெட்டி ரோட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்

ஜனவரி 9, 2008. மாயாபந்தர்

படகுத்துறைக்குப் போகும் ஜெட்டி ரோடு மறுபடியும் குறுக்கே வெடித்துவிட்டது. போன வாரம் ஊற்றிய கான்கிரீட்! மேலதிகாரி பொன்னுத்துரை சார் எல்லார் எதிரிலும் சொன்னார்: "பானுமதி, இன்னொரு தடவை வெடிச்சா ரோட்டு வேலைய மறந்துடும்மா. ஸ்டோர்ல உட்கார்ந்து சிமெண்ட் மூட்டை எண்ணலாம்." நான் இன்ஜினியருக்குப் படித்தது மூட்டை எண்ணவா?

ஜனவரி 10

மேஸ்திரி தங்கையா அண்ணன் அடித்தளத்தைக் கடப்பாரையால் கொத்திச் சொரசொரப்பாக்கிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"மேல ஊத்துறது பக்கா பிடிக்கணும்ல மேடம்? பூகம்பம் பார்த்த தீவு இது."

சுனாமி அன்று காலை பூமி ஆடிய ஆட்டத்தில் அவர் வீடு விழுந்தது. அதிலிருந்து அவருக்கு எதுவும் அசையக் கூடாது. ஆனால் கான்கிரீட் காயும்போது சுருங்குமே — கீழே தளம் விடாமல் பிடித்துக்கொண்டால்? நடுவில் வெடிக்கத்தான் செய்யும். அட, இதுதானா!

ஜனவரி 14

தளத்தை வழுவழுப்பாக்கி, பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அதன்மேல் ஊற்றலாம் என்றேன். ஸ்லாப் நகர்ந்து கொடுக்கும், வெடிக்காது.

சார் சிரித்தார். "ரோட்டுக்குப் பாய் விரிக்கிறியா?"

தங்கையா அண்ணன் கும்பிட்டே விட்டார். "நஹி மேடம், வழுக்கிக் கடலுக்கே போயிடும்!"

"போனா என்னையும் சேர்த்துத் தள்ளிவிடுங்க!" கத்திவிட்டேன். ஒரு பகுதிக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

ஜனவரி 21

ஊற்றியாயிற்று. பக்கத்துப் பகுதியைப் பழையபடி கொத்தித்தான் ஊற்றினார்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இடைவெளி விட்டு, சுருக்கத்தை வாங்கிக்கொள்ள இணைப்புக் கோடு வெட்டினோம்.

ஜனவரி 24

என்ன வெயில்! வெடிக்காதே. முருகா, வெடிக்க விடாதே.

பிப்ரவரி 18

சார் வந்தார். குனிந்து பார்த்தார், பிறகு முட்டி போட்டே தேடினார். ஒரு கீறல் இல்லை! இணைப்புக் கோடுகள் மட்டும் துளி விரிந்திருந்தன. நகர்ந்திருக்கிறது, சமர்த்தாக நகர்ந்திருக்கிறது! கொத்தி ஊற்றியது மட்டும் குறுக்கே வாயைப் பிளந்து கிடக்கிறது.

சார் பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "மீதி ரோட்டுக்கும் விரிச்சிடும்மா."

ஜெயித்துவிட்டேன். வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும்.

ஏப்ரல் 2. திக்லிபூர்

இங்கே புது ரோட்டுக்கு என்னையே பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தால், முன்னாடியே வந்துவிட்ட தங்கையா அண்ணனின் குரல் தூரத்திலேயே கேட்கிறது. உள்ளூர் ஆட்கள் கடப்பாரையை ஓங்கியிருந்தார்கள்.

"அரே, ருக்கோ! கொத்தாதீங்கடா! அது சுருங்கும், நகர இடம் குடுங்க!"

அங்கேயே நின்றுவிட்டேன். நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார்.